அரைக்கால் கழித்து அரை கூட்டினால் கர்ணம் வருமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து எட்டாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். செங்கோணத்தை உள்ளடக்கிய பக்கங்கள் 15 செ.மீ., 8 செ.மீ. எனில் கர்ணம் காண்க என்பது ஒரு கேள்வி. ஒரு மாணவன் ஒரே வரியில் விடை எழுதியிருந்தான்: 15 – 1.875 + 4 = 17.125 செ.மீ.

வர்க்கம் இல்லை. வர்க்கமூலம் இல்லை. ஆனால் வகுத்தலிலும் கழித்தலிலும் ஒரு பிழையும் இல்லை. சரியான விடை 17. சிவப்பு மையால் பூச்சியம் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று அவன் எழுந்து நின்றான். "டீச்சர், இது நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே? போதையனார் கணக்கு. தமிழன் கண்டுபிடிச்சது எப்படி டீச்சர் தப்பாகும்?"

அவன் சொன்னது உண்மை. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இந்தக் கணக்கு உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். போதையனார் பாடியதாகச் சொல்லப்படும் நான்கு வரிப் பாடலோடு, "பிதாகரஸுக்கு முன்பே தமிழர் கண்ட முறை, வர்க்கமூலமே தேவையில்லை" என்ற குறிப்பும் இருக்கும். முறை எளிது. இரு பக்கங்களில் பெரியதை எட்டாகப் பங்கிட்டு ஒரு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மீதியோடு சிறிய பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம். தேற்றம் நடத்திய வாரத்தில் ஓர் உற்சாகத்தில் இதைக் கரும்பலகையில் எழுதினேன். பக்கங்கள் 4, 3 என்றால் 4 – 0.5 + 1.5 = 5. பக்கங்கள் 12, 5 என்றால் 12 – 1.5 + 2.5 = 13. வகுப்பே கைதட்டியது. இரண்டு எடுத்துக்காட்டோடு நிறுத்திக்கொண்டேன். அந்தச் செய்தியிலும் பெரும்பாலும் அந்த இரண்டுதான் இருக்கும்.

அந்த மாணவன் கேட்டபோது என்னிடம் உடனடி விடை இல்லை. "நாளைக்குச் சொல்றேன்பா" என்று உட்காரவைத்தேன். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததையும், அடுத்த சில வாரங்களில் வகுப்பில் செய்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் மாணவர்களையே சோதிக்கச் சொன்னேன். பக்கங்களை அவர்களே தேர்ந்தெடுக்கலாம்; ஒரு பக்கம் விதிப்படி, மறுபக்கம் தேற்றப்படி. 8, 6 கொடுத்தவர்களுக்கு இரண்டிலும் 10 வந்தது. 24, 7 எடுத்த குழுவுக்கு விதி 24.5 தந்தது, தேற்றம் 25 தந்தது. 21, 20 எடுத்தவர்களுக்கு விதி 28.375, தேற்றம் 29. "சில நேரம் கூட வருது, சில நேரம் குறையுது டீச்சர்" என்றார்கள். நல்ல கவனிப்பு.

கடைசிப் பெஞ்சில் ஒரு பெண் 20 அடிச் சுவருக்கு ஏணி போட்டுப் பார்த்தாள். ஏணியின் அடி சுவரிலிருந்து 4 அடி தள்ளி இருக்கிறது. விதிப்படி 20 – 2.5 + 2 = 19.5.

"ஏணி சுவத்தவிடக் குட்டையா இருக்கே டீச்சர்!"

வகுப்பு சிரித்து ஓய இரண்டு நிமிடம் ஆனது. பக்கத்தில் இருந்தவள் 16, 4 என்று போட்டாள். 16 – 2 + 2 = 16. கர்ணமும் சுவரும் ஒரே அளவு. சிறிய பக்கம் பெரிய பக்கத்தின் காலளவுக்குக் குறைந்தால் இந்த விதி கர்ணத்தைப் பக்கத்தைவிடச் சிறியதாக்கிவிடும் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். கர்ணம் பெரிய பக்கத்தைவிடப் பெரியது, இரு பக்கங்களின் கூடுதலைவிடச் சிறியது என்று பாடத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதை ஒரு சோதனைக் கருவியாக மாணவர்கள் பயன்படுத்தி நான் பார்த்தது அன்றுதான்.

ஆனால் "விதி தப்பு" என்று சொல்லி மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு முக்கோணங்களுக்கு மட்டும் ஏன் மிகச் சரியாக வருகிறது? இதைப் பத்தாம் வகுப்புக்கு எடுத்துப் போனேன். அவர்கள் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தப் படித்திருந்த நேரம்.

பெரிய பக்கத்தை 1 என்றும் சிறிய பக்கத்தை ச என்றும் கொள்வோம். விதிப்படி கர்ணம் 7/8 + ச/2. தேற்றப்படி கர்ணத்தின் வர்க்கம் 1 + ச². இரண்டும் சமமாக இருக்க வேண்டுமானால்,

(7/8 + ச/2)² = 1 + ச²

விரித்து, இரு பக்கமும் 64ஆல் பெருக்கிச் சுருக்கினால்,

48ச² – 56ச + 15 = 0

(4ச – 3)(12ச – 5) = 0

ஆகவே ச = 3/4 அல்லது ச = 5/12. அவ்வளவுதான். 3:4 என்ற விகிதத்திலும் 5:12 என்ற விகிதத்திலும் உள்ள முக்கோணங்களுக்கு மட்டுமே விதி துல்லியமானது. இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு மூலங்களுக்கு மேல் கிடையாது என்பதால் மூன்றாவது வடிவம் ஒன்று இருக்கவே முடியாது. நான் கரும்பலகையில் காட்டிய இரண்டு எடுத்துக்காட்டுகளும் அந்த இரண்டே இரண்டுதான்! பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இதுவரை இருந்ததில்லை.

அந்த இரண்டு விகிதங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணங்களில் விதி சற்றே கூடுதலாகத் தரும். எவ்வளவு கூடுதல்? அதிகபட்சம் 4:7 விகிதத்தில், அப்போதும் நூற்றுக்கு 0.8க்குள்தான். இடைவெளிக்கு வெளியே போனால் குறைவாகத் தரும். இரு பக்கமும் சமமாக இருந்தால் நூற்றுக்கு 2.8 அளவுக்குக் குறையும். முக்கோணம் மெலிய மெலிய இன்னும் மோசம்.

இப்போது ஓர் ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துப் பாருங்கள். சுவரிலிருந்து நடு உத்தரம் வரை கிடைமட்டமாக 7 அடி, உயரம் 4 அடி. கைமரம் எவ்வளவு நீளம் வேண்டும்? விதிப்படி 8.125 அடி, அதாவது 8 அடி ஒன்றரை இஞ்சு. தேற்றப்படி 65இன் வர்க்கமூலம், 8 அடி முக்கால் இஞ்சு. வித்தியாசம் முக்கால் இஞ்சு. ஆசாரி பேச்சில் ஆறு நூல். அதுவும் மிச்சப் பக்கம். மரத்தை வெட்டிக் குறைக்கலாம், இழுத்து நீட்ட முடியாது. வர்க்கமூலம் தெரியாத இடத்தில் இது எத்தனை உதவியான கணக்கு!

கணக்கே தேவையில்லை என்றும் சொல்லலாம். 1/8க்குத் தமிழில் அரைக்கால் என்று பெயர் உண்டு. கயிற்றை மூன்று முறை மடித்தால் அரைக்கால் கிடைத்துவிடும், ஒருமுறை மடித்தால் அரை. எண்ணே எழுதாமல் கயிற்றை மடித்துக் கர்ணத்தைக் கண்டுவிடலாம். எட்டாம் வகுப்பில் இதைச் செய்துபார்த்தோம். பள்ளி வராந்தாவில் சாக்பீஸால் முக்கோணம் வரைந்து, சணல் கயிற்றை மடித்து வெட்டி ஒட்டிவைத்துப் பார்த்தபோது, எந்த முக்கோணத்தில் கயிறு நீண்டது, எதில் எட்டவில்லை என்று கண்ணால் தெரிந்தது. கழிக்கும்போது கயிற்றை நறுக்காமல் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். எங்களுக்குக் கயிறு நிறைய வீணானது.

பெருமை குறித்தும் பேச வேண்டியிருந்தது. அந்த மாணவன் கேட்டதில் கணக்கைவிட அதுதான் பெரிது. கைப்பேசிச் செய்தியில் இந்தப் பாடல் எந்த நூலில் உள்ளது என்ற குறிப்பு இல்லை என்பதைக் காட்டினேன். "யார் எழுதினார் என்று சொன்னால், எதில் எழுதினார் என்றும் கேளுங்கள்" என்றேன். சில செய்திகளில் போதையனாரும் பௌதாயனரும் ஒருவராகவே ஆகிவிடுகிறார்கள். பௌதாயனரின் சுல்ப சூத்திரம் வடமொழி நூல். செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் மேல் அமையும் சதுரம், இரு பக்கங்களின் மேல் அமையும் சதுரங்கள் சேர்ந்த பரப்பைத் தரும் என்று அது பரப்பளவாகவே சொல்கிறது. அது தோராயம் அல்ல, தேற்றத்தின் கூற்றே. இரண்டின் வர்க்கமூலத்துக்கும் அந்த நூல் ஒரு கணக்குத் தருகிறது. செய்துபார்த்தால் 577/408, ஐந்து தசம இடம் வரை சரியாக 1.41421. நம் கயிற்று விதி அதே இடத்தில் 1.375 தருகிறது. இன்னும் பின்னே போனால், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிளிம்டன் 322 என்ற பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது. ஏறத்தாழ 3800 ஆண்டுகள் பழையது. அதன் முதல் வரிசையில் இருப்பது 119, 120, 169 என்ற செங்கோண முக்கோணத்தின் அளவுகள். பிதாகரஸின் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது. ஆக, தேற்றம் ஒரே ஊரின் சொத்து அல்ல. கயிற்று விதியின் சிறப்பு வேறு. அது வேலை செய்யும் கைகளுக்கான கணக்கு. அதன் எல்லையைச் சொல்வது அதைச் சிறுமைப்படுத்துவது ஆகாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எல்லை தெரியாமல் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை அந்த மாணவனின் வீட்டிலிருந்தே எடுத்தேன். அவன் அப்பா கொத்தனார். திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலுமாக வேலை. வீட்டுக்கு வானம் தோண்டுமுன் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு நூலில் 3 அடியும் மறு நூலில் 4 அடியும் குறித்து, இடையில் டேப்பைப் பிடிப்பார். 5 அடி வர வேண்டும். பெரிய இடம் என்றால் 6, 8, 10. "மூணு நாலு அஞ்சு போட்டுப் பாக்குறது" என்று பையனுக்கு நன்றாகத் தெரியும். இதே அறை பத்துக்குப் பத்து என்று வைத்து, மூலைவிட்டத்தைக் கயிற்று விதியால் கணக்கிட்டால் 13.75 அடி. உண்மையில் இருக்க வேண்டியது 14.14 அடி. 13.75க்குப் பொருந்துமாறு நூலை இழுத்துக் கட்டினால் மூலை சுமார் 87 டிகிரிதான் இருக்கும். மூன்று டிகிரிதானே என்று தோன்றும். பத்தடிச் சுவரின் மறுமுனை அரை அடிக்கு மேல் தள்ளிப்போய்விடும். கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போட முடியாது. "எங்கப்பா வேலையவிட்டு அனுப்பிருவாங்க" என்றான் அவன்.

சரி, தேற்றம் மட்டும் எந்த முக்கோணத்துக்கும் பொருந்தும் என்பதை எப்படி நம்புவது? நான் முதலில் தேற்றம் நடத்தியபோதும் 3, 4, 5 காட்டித்தான் நம்பவைத்தேன். இரண்டு எடுத்துக்காட்டால் விதியை நம்பவைத்ததும் ஓர் எடுத்துக்காட்டால் தேற்றத்தை நம்பவைத்ததும் ஒரே தவறுதான். இந்த முறை சார்ட் அட்டையில் 15, 8 பக்கங்கள் உள்ள நான்கு செங்கோண முக்கோணங்களை வெட்டச் சொன்னேன். பக்கம் 23 உள்ள ஒரு பெரிய சதுரத்தின் நான்கு மூலைகளில் அவற்றை வைக்க வேண்டும், ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு 15ம் ஒரு 8ம் வருமாறு. நடுவில் ஒரு சாய்ந்த சதுரம் மிஞ்சும். அதன் பக்கம்தான் நாம் தேடும் கர்ணம். பெரிய சதுரம் 529. ஒரு முக்கோணம் 60, நான்கும் 240. மிச்சம் 289. அது 17இன் வர்க்கம். இனி அதே நான்கு முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து இரு செவ்வகங்களாக எதிரெதிர் மூலைகளில் நகர்த்தினால், மிச்ச இடம் இரண்டு நேர்ச் சதுரங்களாகத் தெரியும். ஒன்று 225, ஒன்று 64. அட்டையை நகர்த்தும்போது 15 என்பதோ 8 என்பதோ எங்கேயும் தேவைப்படவில்லை, எந்த அளவில் வெட்டியிருந்தாலும் இதே நடக்கும் என்று ஒரு பிள்ளை சொல்லும் வரை காத்திருங்கள். எங்கள் வகுப்பில் அதற்கு ஒரு பாடவேளை போதவில்லை.

இந்த அட்டை வேலையால் நான் எதிர்பாராத இன்னொன்றும் சீரானது. கர்ணத்தைக் கொடுத்து ஒரு பக்கத்தைக் கேட்டால் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்போதும் கூட்டிவிடுவார்கள். ஏணி 25 அடி, அடி 7 அடி தள்ளி இருக்கிறது, எட்டும் உயரம் என்ன என்றால் 625 + 49 என்று தொடங்குவார்கள். இரண்டு எண்ணைப் பார், வர்க்கமாக்கு, கூட்டு, மூலம் எடு என்ற பழக்கம். சதுரங்களைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு, 625தான் பெரிய சதுரம், அதற்குள் 49 அடங்கியிருக்கிறது, மிச்சம் 576 என்று பேசத் தொடங்கினார்கள். விடை 24. கணக்கைத் தொடும் முன் செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தைச் சிவப்புப் பென்சிலால் தடிப்பாக்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் இப்போது வழக்கம். கயிற்று விதியைத் தலைகீழாகப் போட்டு உயரம் காண முயன்ற ஒருவனுக்கு 24.57 வந்தது. தெரியாத பக்கம் பெரியதா சிறியதா என்று முன்பே தெரிந்தால்தான் அப்படிப் போடவே முடியும் என்பதையும் அவன் கவனித்தான்.

கழித்தல் ஏன் வேண்டும் என்று உறைக்க, ஒரு சனிக்கிழமை கண்மாய்க் கரைக்குப் போனோம். எங்கள் பக்கம் கண்மாய்க்குப் பஞ்சமில்லை, அதில் தண்ணீருக்குத்தான் பஞ்சம். ஆகவே உள்பக்கச் சரிவில் பயமில்லாமல் இறங்கலாம். கரையின் சரிவை டேப்பால் அளந்துவிடலாம். உயரத்தைத் தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து மட்டம் பார்த்து அளக்கலாம். ஆனால் சரிவுக்குக் கீழே உள்ள கிடைமட்ட அகலம் மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே டேப்பை நுழைக்க முடியாது. சரிவு 5.8 மீட்டர், உயரம் 2.4 மீட்டர் என்று அளந்தோம். 33.64இலிருந்து 5.76ஐக் கழித்தால் 27.88, அகலம் 5.28 மீட்டர். கரைக்கு எவ்வளவு மண் போட்டிருப்பார்கள் என்ற கேள்வி தானாக வந்தது. வெயில் ஏறிவிட்டதால் அதை வகுப்பில் போட்டுக்கொண்டோம்.

கடைசியாக வர்க்கமூலம். மாணவர்கள் கயிற்று விதியை ஓடிப் பிடித்ததற்கு உண்மையான காரணம் பெருமை மட்டுமல்ல, நீள்வகுத்தல் முறையில் மூலம் காண்பதன் பயமும்தான். அதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் விதியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பக்கங்கள் 7, 6 என்றால் கர்ணத்தின் வர்க்கம் 85. விதி தரும் மதிப்பு 7 – 0.875 + 3 = 9.125. இதை விடையாகக் கொள்ளாமல் முதல் ஊகமாகக் கொள்வோம். 85ஐ 9.125ஆல் வகுத்தால் 9.315. ஊகம் சற்றுக் குறைவு என்பதால் ஈவு சற்றுக் கூடுதலாக வருகிறது. உண்மை மதிப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டின் சராசரி 9.22. வர்க்கமூலத்தின் மதிப்பும் இரண்டு தசமத்துக்கு 9.22தான். ஒரு வகுத்தல், ஒரு சராசரி. பத்துக்குப் பத்து அறைக்கும் இப்படியே: 200ஐ 13.75ஆல் வகுத்துச் சராசரி எடுத்தால் 14.148. தேவையானது 14.142. கொத்தனார் டேப்பில் இந்த வித்தியாசம் ஒரு நூலுக்கும் குறைவு.

அரையாண்டுத் தேர்வின் அந்த மதிப்பெண்ணை நான் மாற்றவில்லை. தவறு என்னுடையதும்தான் என்று வகுப்பில் சொன்னேன், அதற்கு மேல் என்ன செய்ய என்று தெரியவில்லை. ஆண்டுத் தேர்வில் பக்கங்கள் 21, 20 கொடுத்துக் கர்ணம் கேட்டிருந்தேன். அவன் தாளில் 441 + 400 = 841 என்று வரிசையாக இருந்தது. ஓரத்தில் பென்சிலால் சிறியதாக 28.375 என்று எழுதி, 841ஐ அதால் வகுத்து, சராசரி 29.007 என்று போட்டு, அதன் கீழே 29 × 29 என்று பெருக்கிப் பார்த்திருந்தான். விடை: 29 செ.மீ.